துருவேறிய சவரக் கத்தியைச் சாணைக்குக் கொடுக்கலாமா?

"என் மாமனாருக்கு 84 வயது. பக்கவாதம் வந்து ஒரு வருஷமாகப் படுக்கையில் இருக்கிறார். வலது கை நன்றாக இருக்கிறது, பேச்சும் தெளிவு. அவருடைய அப்பா பினாங்கிலிருந்து கொண்டுவந்த மடக்கு சவரக் கத்தி ஒன்று பரணில் டிரங்குப் பெட்டிக்குள் கிடைத்தது. கறுப்புக் கைப்பிடி, கழுத்தில் ஏதோ இங்கிலீஷ் எழுத்து, மற்றபடி முழுக்கத் துரு. அதைப் பார்த்ததிலிருந்து, அதில்தான் சவரம் செய்துவிட வேண்டும் என்று தினமும் கேட்கிறார். பழைய சாமான் வாங்க வருபவர் 200 ரூபாய் தருகிறேன் என்கிறார். என் வீட்டுக்காரர், சாணை பிடித்து மா ஒட்டுக்கட்ட வைத்துக்கொள்ளலாம் என்கிறார். எது சரி?"

– வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்.

சாணை மட்டும் வேண்டாம். மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

சவரக் கத்தி அரிவாள் மாதிரி இல்லை. அதன் இரண்டு பக்கமும் உள்வாங்கிக் குழிவாக இழைக்கப்பட்டிருக்கும். வாய்ப்பக்கம் காகிதம் போல மெல்லியது. இரும்பைச் சூடாக்கித் தோய்த்து, பிறகு சுமார் 200 டிகிரி வெப்பத்தில் பதம் ஏற்றியிருப்பார்கள். சுழலும் சாணைச் சக்கரத்தில் அந்த மெல்லிய வாயை வைத்தால் ஒரு நொடியில் அதைவிடச் சூடாகிவிடும். ஓரம் நீலம் பூத்தால் 300 டிகிரியைத் தொட்டது என்று அர்த்தம். அந்த இடத்தில் பதம் போய்விட்டது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. அரிவாளுக்குப் பதம் போனால் பட்டறையில் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். சவரக் கத்தியை மறுபடி நெருப்பில் காட்டினால் முறுக்கிக்கொள்ளும்.

கழுத்தில் இருக்கும் எழுத்தை முதலில் படிக்க வேண்டும். வெறும் துணியில் துளி எண்ணெய் தொட்டுத் துடைத்தாலே தெரியும். அங்கே உப்புத்தாள் படக் கூடாது. அந்தக் காலத்துக் கத்திகள் பெரும்பாலும் இரண்டு ஊர்ச் சரக்கு: இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, ஜெர்மனியின் சோலிங்கன். 1887-ல் பிரிட்டன் ஒரு சட்டம் போட்டது: உள்ளூர்ச் சரக்கு என்று நினைக்க வைக்கும்படி வெளிநாட்டுப் பொருளில் முத்திரை குத்தக் கூடாது, எந்த நாட்டில் செய்தது என்று சொல்ல வேண்டும். ஷெஃபீல்டு பெயரைப் போட்டு ஜெர்மன் கத்திகள் விற்கப்பட்டதும் அதற்கு ஒரு காரணம். ஆகவே 'ஜெர்மனி' என்று பொறித்திருந்தால் பெரும்பாலும் அந்தச் சட்டத்துக்குப் பிந்தியது என்று கொள்ளலாம்.

இந்தச் சரக்குக்கும் நம் பக்கத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. தென்னிந்தியாவில் மண் குகையில் வைத்து உருக்கிய எஃகுக் கட்டிகள் 'வூட்ஸ்' என்ற பெயரில் லண்டன் வரை போயின. ஈரோடு மாவட்டம் கொடுமணலில் பழங்கால இரும்பு, எஃகுத் தொழிலின் தடயங்கள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. லண்டனில் கத்தி செய்யும் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் இந்த எஃகைப் பயன்படுத்தினார். அவரும், பின்னாளில் மின்சார ஆராய்ச்சியில் பெயர்பெற்ற மைக்கேல் ஃபாரடேயும் சேர்ந்து எஃகைப் பற்றிச் செய்த ஆய்வு 1820-ல் வெளிவந்தது. ஃபாரடே ஒரு கொல்லரின் மகன். தாம் உருவாக்கிய கலப்பு எஃகில் செய்த சவரக் கத்திகளை நண்பர்களுக்குப் பரிசாகக் கொடுத்தவர்.

இனி வாசகி கையிலிருக்கும் கத்தி. வேலை தொடங்குமுன் வாயின் மேல் காகிதப் பிளாஸ்டரோ இன்சுலேஷன் டேப்போ ஒட்டிவிட வேண்டும். மடக்குக் கத்தி எதிர்பாராமல் மடங்கும். வெட்டுக் காயங்கள் அப்படியும் வரும். வெட்டிவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவி, ரணஜன்னி ஊசி போட்டு நாளாகியிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுக்கொள்வது நல்லது. துருவினால் ரணஜன்னி வருவதில்லை. அதன் கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருக்கிறது. மாடு வைத்திருக்கும் வீட்டில் எந்தக் காயத்துக்கும் இது பொருந்தும்.

அடுத்து, இந்தக் கத்தி தேறுமா என்று பார்க்க வேண்டும். செம்பழுப்பாகப் பொடிந்து வரும் துரு மேல்துரு, அதற்குப் பயமில்லை. கருமையாக, ஊசி குத்தியது போல் குழிகள் இருந்தால் அது உள்ளே இறங்கிய துரு. குழி முதுகிலோ நடுவிலோ இருந்தால் அப்படியே விடலாம். வாயை ஒட்டி இருந்தால், தீட்டும்போது ஓரம் அந்தக் குழிகளில் உதிரும், பல் பல்லாக நிற்கும். அப்படிப்பட்ட கத்தி முகத்துக்கு ஆகாது. பூதக்கண்ணாடி வைத்து விரிசல் உண்டா என்றும் பார்க்க வேண்டும். நகத்தால் மெல்லத் தட்டினால் நல்ல கத்தி கணீரென்று ஒலிக்கும். விரிசல் கண்டது செத்த சத்தம் தரும். விரிசல் இருந்தால் துடைத்துப் பெட்டியில் வைப்பதோடு சரி.

கைப்பிடியைப் பலரும் கவனிப்பதில்லை. கறுப்புக் கைப்பிடி எருமைக் கொம்பாக இருக்கலாம், செல்லுலாய்டாகவும் இருக்கலாம். கொம்பா பிளாஸ்டிக்கா என்று அறிய ஊசியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்திப் பார்க்கும் வழக்கம் உண்டு. இங்கே அதைச் செய்யவே கூடாது. செல்லுலாய்டு பழைய சினிமா பிலிமின் சரக்கு, குப்பென்று தீப்பிடிக்கும். துணியால் அழுத்தித் தேய்த்து முகர்ந்தால் கற்பூர வாசனை வரும், அது செல்லுலாய்டு. பழைய செல்லுலாய்டு கெட்டுப்போகும்போது அமிலப் புகை விடும். கத்தியில் கைப்பிடிக்குள் மடங்கியிருக்கும் பகுதி மட்டும் மோசமாகத் துருவேறியிருந்தால் காரணம் ஈரமல்ல, கைப்பிடிதான் என்று சந்தேகிக்க வேண்டும். அப்படியானால் எவ்வளவு சுத்தம் செய்து மடக்கி வைத்தாலும் மறுபடி துரு வரும். கைப்பிடியைக் கழற்றி வேறு மரக் கைப்பிடி போடத் தெரிந்த ஆசாரி கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் திறந்த நிலையில், காற்றோட்டமான இடத்தில், அடுப்புக்குத் தள்ளி வைக்க வேண்டும்.

துருவெடுக்கப் புளி, எலுமிச்சை, வினிகர் என்று எல்லா வீட்டிலும் ஒரு வைத்தியம் இருக்கிறது. பித்தளைச் சொம்புக்குப் புளி சரி. சவரக் கத்திக்கு வேண்டாம். அமிலம் துருவோடு நல்ல எஃகையும் தின்னும், பளபளப்பைச் சாம்பல் நிறமாக்கும். மண்ணெண்ணெய் போதும். துணியை நனைத்து இரும்புப் பகுதியில் மட்டும் சுற்றி ஒரு நாள் வைத்தால் துரு இளகும். பிறகு கத்தியை ஒரு தட்டையான பலகையின் விளிம்பில் பதித்து வைத்துக்கொண்டு, பெயிண்டர்கள் பயன்படுத்தும் வாட்டர் பேப்பரில் 1000-ஆம் எண்ணை எண்ணெய் தொட்டு, முதுகிலிருந்து வாய்ப்பக்கமாக ஒரே திசையில் இழுக்க வேண்டும். பின்னால் 2000. பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் கீறிவிடும். எல்லாக் கறையும் போக வேண்டும் என்ற ஆசை கூடாது. கறுப்பு நிழல் கொஞ்சம் நின்றால் நிற்கட்டும். கத்தியின் முகத்தில் தங்க முலாம் பூசிய எழுத்து இருந்தால் இரண்டு தேய்ப்பில் காணாமல் போகும். அங்கே கை வைக்காமல் சுற்றிப் போக வேண்டும். முடித்ததும் ஈரம் போகத் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரு துளி. தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் காறிப் பிசுக்காகும்.

இதுவரை யாரும் செய்யலாம். கூர் ஏற்றுவது வேறு வித்தை.

அதன் சூட்சுமம் முதுகில் இருக்கிறது. கத்தியைத் தீட்டுக்கல்லில் படுக்க வைத்தால் முதுகும் வாயும் ஒருசேரக் கல்லைத் தொடும். கோணத்தை முதுகே தந்துவிடும், கை தூக்கத் தேவையில்லை. அழுத்தமும் தேவையில்லை, கத்தியின் சொந்தக் கனம் போதும். கல்லில் வாய் முன்னே போக வேண்டும். திருப்பும்போது முதுகின் மேல் புரட்ட வேண்டும். 1000 எண் கல்லில் ஓரத்தை நேராக்கி, 4000, 8000 என்று போக வேண்டும். கல் நடுவில் குழிந்திருந்தால் எல்லாம் வீண். கடைசியாகத் தோல்வார், அதில் முதுகு முன்னே, வாய் பின்னே. மாற்றி இழுத்தால் தோலும் போச்சு, கூரும் போச்சு.

இந்த வித்தை தெரிந்தவர்கள் இன்று குறைவு. 1986-ல் சென்னையில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது, அந்தப் பயம் பரவியபின் சலூன்களில் படிப்படியாக, ஒருவருக்கு ஒரு பாதி பிளேடு என்ற முறை வந்தது. நல்ல மாற்றம்தான். அதோடு தீட்டுக்கல்லும் தோல்வாரும் உள்ளே போய்விட்டன. பக்கத்து டவுனில் அறுபது வயதைத் தாண்டிய சலூன்காரர் யாராவது இருந்தால் அவரிடம் கேட்பதே சுருக்கு வழி. வாசகிக்கு இன்னொரு வழியும் உண்டு: தெரிந்தவர் வீட்டிலேயே படுத்திருக்கிறார். மகன் மாமனாரின் கண்முன்னே தோல்வாரில் இழுக்கட்டும். பழகிய காதுக்குச் சத்தத்திலேயே தெரிந்துவிடும், எந்த இழுப்பு சரி, எதில் கை தூக்கியது என்று.

ஆனால் கூர் ஏறினாலும், மாமனாரின் கன்னத்தில் இந்தக் கத்தி வேண்டாம். பக்கவாதம் வந்தவர்களுக்கு ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்திருப்பார்கள். சின்ன வெட்டிலும் ரத்தம் நிற்க நேரமாகும். இந்த வயதில் தோல் தளர்ந்து மெலிந்திருக்கும். பாதித்த பக்கத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் வெட்டியதே அவருக்குத் தெரியாது. பேட்டரி டிரிம்மரோ மின்சார ஷேவரோதான் பாதுகாப்பு. அவரிடம் மறைக்காமல் இதைச் சொல்லிவிடலாம். வெந்நீர்த் துணி, பிரஷ்ஷில் நுரை, தோல்வார் இழுக்கும் சத்தம் இவையெல்லாம் அப்படியே இருக்கட்டும். கடைசியில் டிரிம்மர் அவர் வலது கையிலேயே இருக்கட்டும், முடிந்த வரை அவரே இழுத்துக்கொள்ளட்டும். மகனோ பேரனோ இந்தக் கத்தியில் சவரம் செய்யப் பழகினால் ஒருவர் மட்டும் பயன்படுத்த வேண்டும். ஒரே வீடானாலும் சவரக் கத்தியில் பங்கு கிடையாது; மஞ்சள் காமாலைக் கிருமிகளில் பி வகை ரத்தத்தின் வழியே பரவக்கூடியது.

200 ரூபாய்க்கு விற்க அவசரப்பட வேண்டாம். எழுத்தைப் படித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மா ஒட்டுக்கு இது உதவாது. ஒட்டுக் கத்திக்கு ஒரு பக்கம் தட்டையாக, மறுபக்கம் மட்டும் சரிவாக இருக்க வேண்டும். அப்போதுதான் சீவல் நேராக விழுந்து, ஒட்டுக்குச்சியும் வேர்ச்செடியும் இடைவெளியின்றிப் பொருந்தும். சவரக் கத்தி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. தண்டில் அழுத்தினால் ஓரம் தெறிக்கும், மடங்கி விரலிலும் விழும். மாம்பால் பட்டால் ஒரே இரவில் கறுத்தும் போகும். நாற்றங்காலுக்குத் தனியாக ஒட்டுக் கத்தி வாங்கி, ஒவ்வொரு தாய்மரத்துக்கும் இடையில் ஸ்பிரிட்டில் துடைத்துப் பயன்படுத்தட்டும்.