மறைத்துப் பூசப்பட்ட கிராமம்

பனி மூடிய கிராமம், மெலிந்த நாய்களுடன் வீடு திரும்பும் மூன்று வேட்டைக்காரர், தூரத்தே உறைந்துபோன குளம். நத்தார் வாழ்த்து மடல்களிலும் நாட்காட்டிகளிலும் பலமுறை அச்சான ஓவியம் இது. வரைந்தவர் பீற்றர் புரூகல். இன்று பெல்ஜியம் என வழங்கும் நாட்டில் வாழ்ந்து, 1569இல் பிறசல்ஸ் நகரில் இறந்தவர். இதனை அழகிய கிராமியக் காட்சி என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுவது போதாது என்பது நமது கருத்து. வேட்டைக்குப் போன மூவர் கொண்டு வருவது ஒரேயொரு நரி. வரையப்பட்ட ஆண்டு 1565. ஐரோப்பாவைக் கடுங்குளிர் வாட்டிய ஆண்டு அது.

அதே ஆண்டில் அவர் வரைந்த அறுவடை ஓவியம் இன்று நியூயோர்க் மெற்றோபொலிற்றன் நூதனசாலையில் இருக்கின்றது. முன்னைய பிளெமிஷ் ஓவியர் பலர் திருமறைக் கதை ஒன்றைச் சொல்லவே நிலத்தை வரைந்தனர். உழவர் எங்கோ ஒரு மூலையில் சிறு புள்ளியாக நிற்பர். இங்கோ உழவரைத் தவிர வேறு கதை இல்லை. கோதுமை ஆளுயரத்துக்கு நிற்கின்றது. நீண்ட பிடியுள்ள அரிவாளால் சிலர் வெட்டுகின்றனர். வெட்டிய ஒழுங்கை வழியே ஒருவன் சாடிகளைச் சுமந்து வருகின்றான். மரநிழலில் சிலர் பாணும் கஞ்சியும் உண்கின்றனர். பக்கத்தில் ஒருவன் காலை அகல விரித்து, வாய் பிளந்து உறங்குகின்றான். அவனைச் சோம்பேறி என்பவர் ஒருநாளேனும் அரிவு வெட்டியிருக்கமாட்டார். எமது வாசகருக்கு அந்த உறக்கத்தை விளக்க வேண்டியதில்லை.

இவ்வோவியங்களை வாங்கியவர் அன்ற்வேர்ப் நகரத்து வணிகர் நிக்கிளாஸ் யொங்கெலிங்க். 1566இல் நண்பர் ஒருவரின் 16,000 கில்டர் கடனுக்கு அவர் தமது ஓவியங்களைப் பிணை வைத்தார். அவற்றுள் புரூகலுடையவை 16. வெட்டியவரின் உருவமும் பிணைப்பொருளாயிற்று.

நாம் கூடுதலாகக் கவலைப்படுவது இன்னோர் ஓவியம் பற்றி. ஏரோது மன்னன் பெத்லகேமின் குழந்தைகளைக் கொல்வித்ததை, பனி பெய்த ஒரு பிளெமிஷ் கிராமத்தில் நடப்பதாகவே புரூகல் வரைந்தார். படைவீரர் கதவுகளை உடைக்கின்றனர். பின்னால் குதிரைப்படை அணிவகுத்து நிற்கின்றது. 1567இல் ஸ்பானியப் படையுடன் அல்பா பிரபு அங்கு வந்து சேர்ந்தார். மறு ஆண்டு மூண்ட போர் 1648இல்தான் முடிந்தது. இடையில் எத்தனையோ கிராமங்கள் வெறிச்சோடின.

ஓவியமோ பிராக் நகரில் பேரரசர் இரண்டாம் ருடோல்ப் கைக்குப் போயிற்று. அவர் ஸ்பானிய மன்னன் இரண்டாம் பிலிப்பின் சகோதரி மகன். அவரிடம் இருந்த காலத்தில் குழந்தைகளின் மேல் வர்ணம் பூசப்பட்டது. ஒரு தாயின் மடியில் கிடந்த பிள்ளை துணிமூட்டையாக மாறியது. ஈட்டிக்கு இரையான சிசுக்கள் கால்நடைகளாயின. படுகொலை வெறும் கொள்ளையாகிவிட்டது. கொள்ளை போன பண்டத்துக்குப் பெறுமதி போடலாம். பிள்ளைக்கு யார் போடுவார்?

ஆனால் பூசியவர் முகங்களை விட்டுவிட்டார். இங்கிலாந்து அரச சேகரிப்பிலுள்ள அந்த ஓவியத்தில், பன்றித்தொடைக்கும் பாற்கட்டிக்கும் முன்னால் ஒரு பெண் நெஞ்சுடைந்து அழுகின்றாள். இறைச்சிக்காக எவரும் அப்படி அழுவதில்லை. புரூகல் குடும்பத்துப் பட்டறையில் அதே ஓவியத்துக்குப் பல படிகள் வரையப்பட்டன. அவற்றில் தாயின் மடியில் இருப்பது மூட்டையல்ல, பிள்ளைதான்.