இரக்கத்தின் பெயரால் முடக்காதீர்!

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் எனும் பரம்பரை நோயுள்ள பிள்ளையை, "ஓடாதே, மூச்சு வாங்கும்" என்று வீட்டுக்குள் அமர்த்திவிட்டு, அதற்குத் தவக்குல் என்று பெயர் சூட்டுகிறோம். இது இரக்கமன்று, அறியாமை. நுரையீரலில் தேங்கும் கெட்டிச் சளியை இளக்கி வெளியேற்ற ஓட்டமும் விளையாட்டும் துணைபுரிகின்றன. வியர்வையில் உப்பு மிகுதியாக வெளியேறும். மருத்துவர் சொன்ன அளவில் உப்பும் நீரும் கொடுத்து ஆடவிடுவோம்.

நடையை எண்ணும் கைக்கடிகாரம் பிள்ளையைக் குற்றஞ்சாட்டும் கருவியன்று. நடை காரணமின்றிக் குறைந்தால், ஏசாமல் மருத்துவரிடம் விரைவோம்.

பெண்பிள்ளையென்று தயங்குவோருக்கு: நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடினார்கள்.

உடல் அல்லாஹ் தந்த அமானிதம். அதைப் பேணாமல் விதியின்மீது பழிபோடுவது தவக்குல் ஆகாது.