கூரைக்கு நீலம் பூசியாச்சு, காணி எங்கே?

கொஞ்ச நாளா நம்ம பிள்ளைகள் போனில் எல்லாம் ஒரே மாதிரிப் படங்கள்தான் சுத்துது. சரிந்த கூரை, அதில் பளபளன்னு நீலத் தகடு, வெள்ளைச் சுவர், முன்னால் புல்தரை, பின்னால் பனிமூட்டம். மேலே "மலைநாட்டுக்கு ஏற்ற வீட்டு முகப்புகள்" என்று எழுதியிருக்கும். பகிர்கிறவர்களில் பாதிப் பேர் ஹட்டன், டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா என்று நம்ம பக்கத்து ஆட்கள்.

அந்தப் படங்களோடு எங்களுக்குச் சண்டை இல்லை. நல்ல வீட்டுக்கு ஆசைப்படுவது தப்பு என்று சொல்ல நாங்கள் யார்? எங்கள் சண்டை அந்தப் படங்களுக்குப் பின்னால் ஓடுகிற கதையோடு. லயத்துக்குப் புதுத் தகடு போட்டு, சுவருக்கு நிறம் அடித்துவிட்டால் மலையகம் முன்னேறிவிட்டது என்கிற கதை அது. தேர்தலுக்குத் தேர்தல் தகரக் கட்டுகளோடு லொறியில் வருகிறவர்களும் அதையே சொல்கிறார்கள். டிரோன் பறக்கவிட்டு வீடியோ போடுகிறவர்களும் அதையே சொல்கிறார்கள். நாமும் தலையாட்ட ஆரம்பித்துவிட்டோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். சரிந்த கூரை டிக்கோயாவுக்கு யாரும் புதிதாகக் கொண்டுவந்த டிசைன் இல்லை. தென்மேற்குப் பருவமழை நேராக வந்து மோதுகிற சரிவு நம்முடையது. கொஞ்சம் கீழே வட்டவளைப் பக்கம் வருஷத்துக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும். இங்கே கூரை சரியாமல் வேறு என்ன செய்யும்? கோப்பிக் காலத்தில் மண் சுவருக்கு மேல் புல் வேய்ந்தார்கள். பிறகு தகரம் வந்தது. இரும்புத் தகட்டை நெளித்து வலுவாக்குகிற முறைக்கு 1829இல் இங்கிலாந்தில் காப்புரிமை எடுத்தார்கள். துருப்பிடிக்காமல் இருக்க அதன் மேல் நாகம் பூசும் முறை 1837இல் வந்தது. கப்பலில் அடுக்கி ஏற்றலாம், தலைச்சுமையாக மலைக்குத் தூக்கலாம், நாலே ஆணியில் அடித்து முடிக்கலாம். காலனி நாடுகள் எங்கும் தகரம் பரவியது அதனால்தான்.

1869இல் கோப்பிச் செடியில் இலைத்துரு நோய் தலைகாட்டியது. 1880களில் கோப்பி படுத்துவிட்டது, அந்த இடத்துக்குத் தேயிலை வந்தது. கோப்பிக்குப் பருவத்தில் வந்து பறித்துவிட்டுத் திரும்பிப் போன சனம் போதும். தேயிலைக்கு வருஷம் முழுக்க ஆள் வேண்டும். அப்படித்தான் தற்காலிகமாகத் தங்குவதற்குப் போட்ட லயம் நிரந்தரமானது. பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா ஒன்று, முன்னால் ஒரு இஸ்தோப்பு. ஒரு ஆளை எங்கே அடைத்து வைக்கலாம், காலையில் பிரட்டுக்கு எவ்வளவு சீக்கிரம் எழுப்பலாம் என்ற கணக்கில் போட்ட கூரை அது. ஒரு குடும்பம் எப்படி வாழும் என்பது அந்தக் கணக்கில் எங்கேயும் இல்லை.

இப்போது அதே மலையில் இருக்கிற துரை பங்களாவைப் பாருங்கள். அதே மழை, அதே சரிவு, பல இடங்களில் அதே தகரம். காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள பழைய பங்களாக்களில் சில இன்றைக்குச் சொகுசு விடுதிகள். பக்கத்திலேயே 1878இல் கட்டிய வார்லி தேவாலயம் இருக்கிறது. அந்தக் கூரையைப் படமெடுக்காமல் போகிற சுற்றுலாக்காரர் குறைவு. போனில் வருகிற 'ஹில் கண்ட்ரி ஸ்டைல்' எல்லாம் இவற்றைப் பார்த்து வரைந்ததுதான்.

ஆனால் வெளியிலிருந்து எடுத்த படத்தில் முக்கியமான விஷயம் தெரியாது. பங்களாவில் தகரத்துக்கு அடியில் பலகை சீலிங் இருக்கும். தகரத்துக்கும் மனுசருக்கும் நடுவில் காற்று நிற்கிற இடைவெளி இருக்கும். கணப்பு இருக்கும், புகை போக புகைபோக்கி இருக்கும். லயத்தில் தகரம் நேராகத் தலைக்கு மேலே. ராத்திரியில் தகரம் சில்லிட்டுப் போகும். உள்ளே படுத்திருக்கிற ஆறேழு பேருடைய மூச்சும், அடுப்படி ஆவியும் அதில் பட்டு நீராகச் சொட்டும். மழையே பெய்யாத ராத்திரியில் போர்வை நனைவதற்குக் காரணம் அதுதான். தகட்டை நீலமாக்கினாலும் சொட்டும், சிவப்பாக்கினாலும் சொட்டும். சீலிங் அடித்தால்தான் நிற்கும். ஆனால் தேர்தலுக்கு யாராவது சீலிங் பலகை கொண்டுவந்து பார்த்திருக்கிறீர்களா? சீலிங் டிரோனுக்குத் தெரியாதே!

ஹட்டன்–மஸ்கெலியா ரோட்டில் ஏதாவது ஒரு வளைவில் நின்று பணிய பாருங்கள். ஒரே நீளக் கூரை. அதில் ஒரு துண்டு துரு, ஒரு துண்டு தார் பூசியது, ஒரு துண்டு புதுசாக மினுக்குகிற தகரம், ஒரு துண்டு கடும் நீல அமானோ ஷீட். அடுத்த துண்டில் நீலத் தரப்பாள், காத்துக்குப் பறக்காமல் இருக்க மேலே பழைய டயரும் கல்லும். இரண்டு நீலமும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஒன்று யாரோ ஒருத்தர் கொழும்பில் கடையில் நின்றோ, குவைத்தில் வீட்டு வேலை பார்த்தோ அனுப்பிய காசு. மற்றது அப்படி அனுப்ப ஆள் இல்லாத வீடு.

அந்த நீலத் தகட்டைப் பார்த்து "லயத்துக்கு இது ஒரு கேடா" என்று சிரிக்கிறவர்களோடு நாங்கள் ஒருநாளும் நிற்க மாட்டோம். பன்னிரண்டு குடும்பத்துக்கு ஒரே கூரை போட்டு எல்லாரையும் ஒரே நம்பராக்கிய இடத்தில், "இது எங்க வீடு" என்று ஒரு குடும்பம் சத்தமாகச் சொல்ல முடிகிற ஒரே இடம் அந்தத் துண்டுக் கூரை. அதில் ரோஷம் இருக்கிறது.

ஆனால் அந்த ரோஷம் எங்கே போய் முட்டுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். உங்கள் தகடு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், பக்கத்துக் காம்பராவின் தகரம் ஓட்டையென்றால் தண்ணி உங்கள் சுவரில்தான் இறங்கும். பல லயங்களில் நடுச்சுவர் முகடு வரைக்கும் போகாது. ஒரு வீட்டில் மின்னொழுக்கு என்றால் தீ அந்த இடைவெளி வழியாக வரிசை முழுக்க ஓடும். லயத்தில் தீ என்று வருகிற செய்தியில் ஒரு வீடு எரிந்ததாக அபூர்வமாகத்தான் வரும். பத்து வீடு, இருபது வீடு என்றுதான் வரும். ஒரு குடும்பம் எவ்வளவு சேர்த்தாலும் லயத்துக்குள் தனியாக முன்னேற முடியாதபடி அந்தக் கூரை அமைந்திருக்கிறது.

இன்னொன்று, அந்தக் காம்பரா உங்களுடையதே இல்லை. 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசாங்கத்துக்கு வந்தன. 1992இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குப் போனது. தோட்டம் கைமாறிய ஒவ்வொரு தடவையும் தேயிலை, ஸ்டோர், பங்களா எல்லாவற்றையும் எண்ணினார்கள். உள்ளே பரம்பரையாக இருந்த சனத்துக்கு மட்டும் உறுதி எழுதவில்லை. பக்கத்தில் ஒரு சாய்ப்பு இறக்குவதென்றாலும் தோட்ட ஆபீசில் கேட்க வேண்டும். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தில், சபைகள் தோட்டத்துக்குள் வந்து வேலை செய்ய முட்டுக்கட்டையாக இருந்த 33ஆம் பிரிவைத் திருத்தவே 2018 வரைக்கும் ஆனது. வீட்டு முகப்பு என்பது காணிக்குச் சொந்தக்காரர் யோசிக்கிற விஷயம். முதலில் முகப்பை மாற்றுகிற உரிமை வேண்டும், அதற்குப் பிறகுதான் நிறம்.

கூரை பற்றிப் பேசினால் அஸ்பெஸ்டஸைத் தாண்டிப் போக முடியாது. வெள்ளை அஸ்பெஸ்டஸ் உட்பட எல்லா வகையும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஷீட்டை வெட்டும்போதும், துளைபோடும்போதும், உடைக்கும்போதும் தூசு பறக்கும். நம்ம ஊரில் உடைந்த ஷீட்டை வெட்டித்தான் கோழிக்கூட்டுக்கும் குளிக்கிற மறைப்புக்கும் போடுகிறோம். இலங்கை இதைப் படிப்படியாக நிறுத்தப் போவதாகச் சொன்னது. 2018 ஜனவரியில் கட்டுப்பாடு ஆரம்பிக்க இருந்தது. 2017 டிசம்பரில் ரஷ்யா, தேயிலைச் சரக்கில் வண்டு இருந்ததாகச் சொல்லி இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. உலகத்தில் அஸ்பெஸ்டஸ் அதிகமாகத் தோண்டுகிற நாடும் ரஷ்யாதான். சில நாட்களுக்குள் கொழும்பு அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாட்டைத் தள்ளிவைத்தது, ரஷ்யாவும் தேயிலைத் தடையை எடுத்தது. நாம் பறித்த கொழுந்துக்குச் சந்தை வேண்டும் என்று நம் தலைக்கு மேலே இருக்கிற கூரையை வைத்துப் பேரம் முடிந்தது. எந்த நிறம் அழகு என்று சண்டை போடுகிற நாம், இந்தப் பேரத்தைப் பற்றி எத்தனை தடவை பேசியிருக்கிறோம்?

"தனி வீடு வந்துட்டுதானே இருக்கு" என்று ஒரு பதில் வரும். வருகிறது, மறுக்கவில்லை. தனி வீட்டுக்குள் போன அம்மாமார் முதலில் சொல்வது, கதவைச் சாத்திவிட்டு நிம்மதியாகக் குளிக்க முடிகிறது என்பதைத்தான். அதை நாங்கள் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. ஆனால் வேகத்தைப் பாருங்கள். 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் மோடி டிக்கோயாவில் ஆஸ்பத்திரியைத் திறந்தார். அன்றைக்கே நோர்வூட் மேடையில், ஏற்கெனவே சொன்ன 4,000 வீட்டோடு இன்னும் 10,000 வீடு என்றார். அந்த 10,000இல் முதல் 1,300 வீட்டுக்கு அடிக்கல் வைத்தது 2024 பெப்ரவரியில். மேடைக்கும் அடிக்கல்லுக்கும் நடுவே ஏழு மழைக்காலம். சாவி கையில் கிடைத்தும் உறுதி கிடைக்காமல் வருஷக்கணக்கில் காத்திருந்த குடும்பங்களை நம் எல்லாருக்கும் தெரியும். திறப்பு விழாப் படத்தில் வரிசையாகக் கூரைகள் தெரியும், உறுதி தெரியாது.

கூரைக்குக் கீழே இருக்கிற மண்ணையும் யாரும் படமெடுப்பதில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியாபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. ஆனால் அங்கே இருந்த சனத்துக்கு வேறு காணி கொடுக்க யாரும் வரவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின்போது மலையகம் திரும்பவும் சரிந்தது. எவ்வளவு நல்ல கூரை போட்டாலும் அடியில் மண் நகர்ந்தால் என்ன பிரயோசனம்?

நம்ம பக்கத்துப் பிழையையும் பேசாமல் விடக்கூடாது. கொஞ்சம் வசதி வந்தால் உடனே சரிந்த கூரை கேவலமாகிவிடுகிறது. "தகரம் போட்டா லயம் மாதிரி இருக்கும், சிலாப் போடு" என்று டவுனில் தட்டைக் கூரை எழும்புகிறது. மூன்று வருஷத்தில் சிலாப் ஒழுகுகிறது, சுவர் பாசி பிடிக்கிறது. பிறகு அதே சிலாப்புக்கு மேலே இரும்புக் கம்பி நட்டுத் தகரம் போடுகிறார்கள்! லயத்து வாசம் வரக்கூடாது என்று ஓடி, மழையிடம் தோற்றுத் திரும்பி வருகிற கதை இது. சரிந்த கூரையில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பங்களாவுக்கு அது கௌரவம், நமக்கு மட்டும் அவமானமா?

இதைப் படித்துவிட்டு "எல்லாத்துக்கும் ஏன் அரசியல், ஒரு வீட்டுப் படத்தை ரசிக்க விட மாட்டீங்களா" என்று சிலர் கேட்பார்கள். தாராளமா ரசிங்க. ஆனால் 2024இல் ஒரு நாள் சம்பளம் 1,350 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். ஹட்டனில் ஒரு ஹாட்வெயாருக்குப் போய் அந்த நீலத் தகடு ஒன்று என்ன விலை, ஒரு வீட்டுக்கு எத்தனை வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். பிறகு சம்பளத்தோடு கணக்குப் போடுங்கள். அரசியல் அந்தப் பில்லிலேயே இருக்கிறது, நாங்கள் கொண்டுவந்து சேர்க்கவில்லை.

எங்களுக்கு என்ன வேணும் என்று நேராகவே சொல்கிறோம். காணி முதலில், உறுதியோடு, வீட்டில் இருக்கிற பெண்ணின் பெயரும் சேர்த்து. மண் பரிசோதித்த இடத்தில், தனிச்சுவரோடு, சீலிங்கும் புகைபோக்கியும் உள்ள வீடு. அஸ்பெஸ்டஸ் இல்லாத கூரை. வீட்டுத் திட்டம் வரும்போது கொழும்பிலிருந்து ஒரே வரைபடத்தை அனுப்பாமல், அடுப்படி எந்தப் பக்கம், விறகு எங்கே, குழந்தை படிக்கிற மேசை எங்கே என்று அந்தக் குடும்பத்தைக் கேட்டு வரைவது. தகரம் கொடுத்துப் படமெடுக்கிறவரிடம் "உறுதி எப்போ?" என்று ஒவ்வொரு தடவையும், எல்லார் முன்னாலும் கேட்பது நம்ம வேலை.

2023இல் வந்து 200 வருஷம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தோம். அவ்வளவு தூரம் நடந்த சனம், ஒரு துண்டு தகட்டோடு வீட்டுக்குத் திரும்பிப் போய்ப் படுத்துவிடக் கூடாது. காணி கைக்கு வரட்டும். அதுக்குப் பிறகு கூரைக்கு நீலமோ, பச்சையோ, கத்தரிப்பூ நிறமோ, அதை அந்த வீட்டுக்காரங்க சண்டை போட்டு முடிவு பண்ணிக்குவாங்க.