பின்வரிசையில் நிற்கும் பெண்



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அஸர் தொழுகை முடிந்த நேரத்தில், பாலக்கரையிலிருந்து ஒரு தாய் தம் மகளை அழைத்துக்கொண்டு என் வீட்டிற்கு வந்தார். மகள் பதினோராம் வகுப்பு மாணவி. கணவர் சவூதியில் வேலை செய்கிறார். எனவே வீட்டுப் பொறுப்பு முழுவதும் இந்த அம்மையாரின் தலையில். பெண் வாரம் இருமுறை சத்திரம் பேருந்து நிலையத்தில் ஒன்றாம் எண் பேருந்து ஏறி, காவிரிப் பாலத்தைக் கடந்து, ஸ்ரீரங்கத்தில் ஒரு மைதானத்தில் கால்பந்துப் பயிற்சி பெற்று வருகிறாள். இப்போது மாவட்ட அணித் தேர்வுக்கு அழைப்பு வந்துவிட்டது. செய்தி கேட்ட நாள் முதல் நன்னி யாரிடமும் முகங்கொடுத்துப் பேசுவதில்லையாம்.

"உடுப்பு ஒரு கவலை, ஊர்ப்பேச்சு ஒரு கவலை, அக்கா. அதுகூடப் போகட்டும். கோல் போடுகிற பிள்ளை என்றாலாவது நாலு பேர் பெயரைச் சொல்வார்கள். இவள் பின்னால் நின்று தடுக்கிறவளாம். பின்னால் நிற்பதற்கா இத்தனை தூரம் போய் வருவது?" என்று கேட்டார்.

பெண் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். நான் கேட்ட கேள்விகளுக்கு அவள் சொன்ன பதில் என் காதில் விழவே இல்லை. அவ்வளவு மெல்லிய குரல்.

அந்த வாரக் கடைசியில் நானும் ஸ்ரீரங்கம் சென்று பார்த்தேன். விளையாட்டைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். தெரியாததைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதற்காகவே போனேன். மைதானத்தின் ஓரத்தில் வேப்பமர நிழலில் அரை மணி நேரம் நின்ற பிறகுதான், அங்கே ஓங்கி ஒலித்த குரல் அந்தப் பெண்ணுடையது என்று புரிந்தது. "மேலே வா! இடது பக்கம் பார்! விடாதே!" என்று தன்னைவிட மூத்த பெண்களுக்கு அவள் கட்டளை இட்டுக்கொண்டிருந்தாள்.

பயிற்சி அளிப்பவர் விளக்கினார். பின்வரிசையில் நிற்பவளுக்கு முழு மைதானமும் கண்முன் தெரியும். முன்னால் ஓடுகிறவளுக்குத் தன் முதுகுக்குப் பின்னால் நடப்பது தெரியாது. ஆகவே பேச வேண்டியவள் பின்வரிசைக்காரிதான். இதற்கு மேல் 'ஆஃப் சைடு' என்றொரு விதி உண்டு. தாக்க வரும் அணியின் ஆட்டக்காரி, தனக்குப் பந்து அனுப்பப்படும் கணத்தில், எதிரணியின் கடைசி இரண்டாவது ஆளையும் பந்தையும் தாண்டிக் கோலுக்கு அருகே நின்றால் அவளுடைய ஆட்டம் செல்லாது. இதைப் பயன்படுத்திப் பின்வரிசையில் உள்ள நால்வரும் ஒரே கோட்டில் சேர்ந்து முன்னே நகர்ந்துவிட்டால், எதிரணிக்காரி விதிக்குப் புறம்பான இடத்தில் தனியே அகப்பட்டுக்கொள்வாள். நால்வரில் ஒருத்தி இரண்டடி பிந்தினாலும் காரியம் கெட்டது. அந்த நகர்வுக்குக் குரல் கொடுப்பவள் எங்கள் பாலக்கரைப் பெண். அவள் சரியாகச் செய்தால் ஒன்றும் நடப்பதில்லை. தவறினால் ஊரே பார்க்கிறது.

இந்த இடத்தில் நின்றே பெயர் பெற்ற ஒருவரைப் பற்றி விசாரித்துத் தெரிந்துகொண்டேன். லோய்தோங்பாம் ஆஷாலதா தேவி. மணிப்பூர் மாநிலம் இம்பாலில் 1993இல் பிறந்தவர். இந்திய மகளிர் அணியின் தலைவியாகப் பல ஆண்டுகள் இருந்தவர். தமிழகத்தோடும் அவருக்குத் தொடர்பு உண்டு. 2019ஆம் ஆண்டு மே மாதம் லூதியானாவில் நடந்த இந்திய மகளிர் லீக் போட்டியில் மதுரையின் சேது கால்பந்துக் கழகம் இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று கோப்பையை நம் மாநிலத்திற்குக் கொண்டுவந்ததே, அந்த அணியின் பின்வரிசையில் நின்றவர் ஆஷாலதா. அந்தப் பருவத்தின் சிறந்த இந்திய வீராங்கனை என்ற விருதை அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் அவருக்கே வழங்கியது. ஆசியாவின் சிறந்த வீராங்கனைக்கான இறுதிப் பட்டியலிலும் அவ்வாண்டு அவர் பெயர் இடம்பெற்றது. பின்னர் கேரளத்தின் கோகுலம் கழகத்தில் சேர்ந்தார். 2022 மே மாதம் புவனேசுவரத்தில் நடந்த லீகின் கடைசி ஆட்டத்தில் தம்முடைய பழைய மதுரை அணியையே எதிர்த்து நின்று, பெனால்டி மூலம் ஒரு கோலும் அடித்தார். தடுப்பவருக்கும் எப்போதாவது ஒரு கோல் வாய்க்கத்தான் செய்கிறது.

வெற்றிகளை மட்டும் சொல்லி அந்தத் தாயை அனுப்பிவிட எனக்கு மனம் வரவில்லை. பெண்ணின் எதிர்காலத்தைக் கேட்டு வந்தவரிடம் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும் அல்லவா?

நான் சொன்ன அந்த லூதியானா லீக் மூன்று வாரத்திற்குள் முடிந்துபோனது. நாட்டின் தலைசிறந்த பெண்கள் கழகங்களுக்கான போட்டி, ஆண்டில் மூன்று வாரம்! இந்திய மகளிர் லீக் தொடங்கியதே 2016-17 பருவத்தில்தான். அதற்கு முன் இதைத் தொழிலாகக் கொள்ள விரும்பிய பெண்ணுக்கு நாட்டுக்குள் இடமில்லை. ஆஷாலதாவே 2015இல் மாலத்தீவின் நியூ ரேடியண்ட் கழகத்துக்குச் சென்று ஆடினார். நமக்குத் தென்மேற்கே கடலில் கிடக்கும் அச்சிறிய முஸ்லிம் நாடு, மணிப்பூர்ப் பெண்ணுக்கு ஆட இடம் கொடுத்திருக்கிறது.

2023இல்தான், லீகில் ஆடும் ஒவ்வொரு கழகமும் குறைந்தது 10 இந்திய வீராங்கனைகளுக்கு ஆண்டுக்கு 3 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்க்குக் குறையாத ஒப்பந்தம் தரவேண்டும் என்று சம்மேளனம் விதித்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 27 ஆயிரத்தைத் தொடவில்லை. அதுவும் உச்சிக்குச் சென்ற சிலருக்கு. முழங்கால் ஒருமுறை பழுதானால் ஓராண்டு வீட்டில் இருக்க வேண்டும். எனவே நம் நாட்டுப் பெண்கள் பலரும் ஆட்டத்தோடு அரசு வேலையையும் பற்றிக்கொள்கிறார்கள். கடலூரைச் சேர்ந்த இந்திய அணி வீராங்கனை இந்துமதி கதிரேசன், தமிழகக் காவல்துறையில் உதவி ஆய்வாளர். கொரோனா ஊரடங்கு நாட்களில் சென்னையில் முகக்கவசத்தோடு காவல் பணியில் நின்றவர். தமிழக அரசு வேலைகளில் சாதனை படைத்த விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. "கால்பந்து சோறு போடுமா?" என்று நன்னி கேட்பதில் தவறில்லை. நேராகப் போடுவது அரிது. படிப்பையும் கையில் வைத்திருப்பவளுக்கு ஒரு கதவைத் திறந்துவிடும், அவ்வளவே.

இனி, அம்மையாரின் முதல் கவலையாகிய உடுப்புக்கு வருகிறேன். நான் ஃபத்வா கொடுக்கத் தகுதி உடையவள் அல்ல. பெண் வெளியில் விளையாடுவது பற்றி அவரவர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவது அவரவர் பொறுப்பு. ஆனால் விளையாட்டின் விதி என்ன சொல்கிறது என்பதை நம்மில் பலர் அறியாமலே, "தலையில் துணி போட்டால் ஆட விடமாட்டார்கள்" என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

ஒரு காலத்தில் அது உண்மையாகவும் இருந்தது. 2007இல் கனடாவில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி தலைத்துணியைக் கழற்ற மறுத்ததற்காக மைதானத்தை விட்டு வெளியேற்றப்பட்டாள். விதிகளை வகுக்கும் சர்வதேசக் குழுவும் அத்தடையை ஆமோதித்தது. 2011 ஜூன் மாதம் ஜோர்தான் தலைநகர் அம்மானில், ஒலிம்பிக் தகுதிப் போட்டிக்காக மைதானத்தில் இறங்கிய ஈரான் பெண்கள், தலையை மூடியிருந்த காரணத்தால் ஆட்டம் தொடங்குமுன் தடுக்கப்பட்டார்கள். அவர்கள் அழுதுகொண்டு நின்ற புகைப்படம் உலகெங்கும் வந்தது. அதன்பின் ஃபிஃபாவின் துணைத் தலைவராக இருந்த ஜோர்தான் இளவரசர் அலீ முன்னின்று வாதாட, 2012இல் பரீட்சார்த்தமாகவும் 2014 மார்ச்சில் நிரந்தரமாகவும் அனுமதி கிடைத்தது. ஃபிரான்ஸ் தன் உள்நாட்டுப் போட்டிகளில் தடையை விடவில்லை. 2023 ஜூனில் அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றமும் அதனைச் செல்லும் என்றது.

அம்மானில் ஆட விடப்படாத ஈரான், 2022 ஜனவரி 20ஆம் நாள் நவிமும்பையில் ஆசியக் கோப்பைக்காக இறங்கியது. ஈரான் மகளிர் அக்கோப்பையில் ஆடியது அதுவே முதல்முறை. அனைவரும் தலைமூடி ஆடினார்கள். எதிரே இந்திய அணி. அதன் தலைவி ஆஷாலதா. தொண்ணூறு நிமிடமும் இரு பக்கமும் கோல் விழவில்லை. பார்த்தவர்களுக்குச் சலிப்பாக இருந்திருக்கலாம். இரண்டு பின்வரிசைகளுக்கும் அது நிறைந்த நாள். ஆனால் மூன்றே நாளில் இந்திய அணியில் கொரோனா பரவி, அடுத்த ஆட்டத்திற்குப் போதிய ஆட்கள் இல்லாமல் அணி விலக நேர்ந்தது. விதிப்படி அந்த ஈரான் ஆட்டமும் செல்லாததாகிப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. ஒரு கோலும் விடாமல் காத்த உழைப்பு, கணக்கிலேயே இல்லை! இதைப் படித்தபோது எனக்கு நம் வீட்டுப் பெண்களின் ஞாபகம் வந்தது என்றால் நீங்கள் சிரிக்கக் கூடாது.

அடுத்த ஆண்டே மொராக்கோவின் நுஹைலா பென்ஸினா உலகக் கோப்பைக்கு வந்தார். இவரும் பின்வரிசைக்காரர்தாம்; ரபாத் நகரின் ராணுவக் கழகத்தில் வளர்ந்தவர்; அக்கழகம் 2022இல் ஆப்பிரிக்க மகளிர் கழகங்களில் முதலிடம் பெற்றது. மொராக்கோ, மகளிர் உலகக் கோப்பைக்கு வந்த முதல் அரபு நாடு. முதல் ஆட்டத்தில் இவர் இல்லை. ஜெர்மனி 6 கோல் போட்டது. 2023 ஜூலை 30 அன்று, ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில், தென் கொரியாவுக்கு எதிராக ஹிஜாபுடன் இறங்கினார். மகளிர் உலகக் கோப்பையில் அப்படி ஆடிய முதல் பெண் அவரே. அப்போது வயது 25. மொராக்கோ 1-0 என்று வென்றது. அடுத்துக் கொலம்பியாவையும் 1-0 என்று வென்று இரண்டாம் சுற்றுக்குப் போனது. ஜெர்மனி ஊர் திரும்பியது. பின்னர் ஃபிரான்ஸிடம் 4-0 என்று தோற்றார்கள். நான் படித்த செய்திகள் பெரும்பாலும் அவருடைய தலைத்துணியைப் பற்றியே எழுதின. அந்த இரண்டு ஆட்டங்களிலும் மொராக்கோ ஒரு கோலும் விடவில்லை என்பதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

விதியையும் எழுதிவிடுகிறேன், தாய்மார்களுக்குப் பயன்படும். தலைத்துணி கறுப்பாகவோ சட்டையின் பிரதான நிறத்திலோ இருக்க வேண்டும். ஓரணியில் துணி அணிவோர் அனைவருக்கும் ஒரே நிறம். சட்டையோடு இணைத்துத் தைக்கக் கூடாது. கழுத்தில் ஆபத்தான கொக்கி, ஊசி ஆகாது. தொங்கும் முனைகளும் கூடாது. உள்ளே முழுக்கைச் சட்டை அணியலாம், மேல்சட்டைக் கையின் நிறத்தில். காலுக்கு முழு இறுக்கக் காற்சட்டை அணியலாம், அரைக்காற்சட்டையின் நிறத்தில்.

இவ்வளவையும் அந்த அம்மையாரிடம் தொலைபேசியில் சொன்னேன். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்கு முந்தைய மூன்று மாதம் பயிற்சி குறைய வேண்டும், வெளியூர்ப் பயணத்தில் பெண் பொறுப்பாளர் ஒருவர் உடன் இருக்க வேண்டும், இந்த இரண்டையும் பயிற்சியாளரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள் என்றும் சொன்னேன். பெரிய கடைவீதியில் கறுப்புத் துணி எடுத்துவிட்டதாகவும், தேர்வு நாளன்று தாமே கூடச் செல்வதாகவும் நேற்றுச் செய்தி அனுப்பியிருக்கிறார். நன்னி இன்னும் பேசவில்லையாம். ஆனால் மைதானத்தில் தண்ணீர் கிடைக்குமா என்று மட்டும் விசாரித்தாராம்.

திருச்சியிலோ ஸ்ரீரங்கத்திலோ பெண்பிள்ளைகளுக்குக் கால்பந்து கற்பிக்கும் பெண் பயிற்சியாளர் எவரையேனும் அறிந்த சகோதரிகள் இப்பகுதிக்கு எழுதுங்கள். வேறு இரண்டு வீடுகளிலிருந்தும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.