777 வைத்தியர்களுக்கு ஒரு கண்டனப் பதிவு

"சர்வர்ல எர்ரர் வருதா? ஃபோல்டருக்கு 777 பெர்மிஷன் குடுங்க, சரியாகிடும்."

இந்த ஒரு வரியை வாழ்க்கையில ஒரு தடவைகூட எழுதாத தொழில்நுட்பப் பதிவர் தமிழ்ல யாராச்சும் இருந்தா, நம்ம வேடசந்தூர் ஆத்துமேட்டுக்கு வாங்க, பரோட்டா என் செலவு. பர்ஸ் காலியாகிடுமோன்னு எனக்குப் பயமே இல்ல. ஏன்னா ஒருத்தரும் வரமாட்டீங்க :)

கோவமாத்தான் எழுதுறேன். சொந்த டொமைன் வாங்கி, சொந்தமா சர்வர் வாடகைக்கு எடுத்து, நாலு ஸ்கிரிப்ட் ஓட்டிப் பார்க்கலாம்னு ஆசைப்படுற தம்பி தங்கச்சிகளுக்கு நாம எல்லாரும் சேர்ந்து கத்துக்குடுத்திருக்கிறது வைத்தியமே இல்லை மக்கா. காய்ச்சலா, வயித்துவலியா, பாம்புக்கடியா எதுவும் கேக்காம எல்லாத்துக்கும் ஒரே மாத்திரை.

மொதல்ல 777ன்னா என்னன்னு பார்ப்போம். படிக்க 4, எழுத 2, ஓட்ட 1. மூணையும் கூட்டினா 7. ஃபைலோட ஓனருக்கு ஒரு 7, குரூப்புக்கு ஒரு 7, ஊருல போறவன் வர்றவனுக்கு ஒரு 7. அதாவது வீட்டுச் சாவி தொலைஞ்சதுக்குக் கதவையே கழட்டி வீதியில வெச்சாச்சு. உள்ள போக முடியுது, சரிதான். யார் யாரெல்லாம் போவாங்கன்னு யோசிச்சீங்களா? ஒரே மெஷின்ல நூறு பேரு குடியிருக்கிற ஷேர்டு ஹோஸ்டிங்ல பக்கத்து வீட்டுக்காரன் ஸ்கிரிப்ட் உங்க ஸ்கிரிப்ட்டைத் திருத்திட்டுப் போகும்.

இதுல பெரிய காமெடி என்னன்னா, பல இடத்துல அந்த மாத்திரைதான் நோயே! அப்பாச்சியில சூஎக்ஸெக்னு ஒரு காவல்காரன் உண்டு. ஸ்கிரிப்டை அதோட சொந்தக்காரர் பேர்லயே ஓட்டுறது அவன் வேலை. ஓட்டுறதுக்கு முன்னாடி, "இந்த ஃபைல்ல வேற எவனாச்சும் எழுத முடியுமா?"ன்னு பார்ப்பான். முடியும்னா ஓட்டவே மாட்டான். பிரவுசர்ல 500 இன்டர்னல் சர்வர் எர்ரர். ஆக, 755 இருந்த ஸ்கிரிப்ட் வேற ஏதோ காரணத்துல 500 காட்டுச்சு, நீங்க சொன்னீங்கன்னு தம்பி 777 போட்டான், இப்ப பழைய காரணத்தைச் சரி பண்ணாலும் 500தான். புண்ணியம் கட்டிக்கிட்டீங்க.

நம்ம ஊரைச் சுத்தி எத்தனை நூல் மில்லுன்னு கரூர் ரோட்டுல பஸ்ல போனவங்களுக்குத் தெரியும். ரிங் ஃபிரேம்ல ஒரு இழை அறுந்தா சைடர் வேலை பாக்கிற அக்கா ஒட்டிட்டுப் போயிடுவாங்க. அதே ஸ்பிண்டில்ல திரும்பத் திரும்ப அறுந்தா? அங்கிட்டு நின்னு பார்ப்பாங்க. டிராவலர் தேஞ்சுபோச்சா, டிபார்ட்மென்ட்ல ஈரப்பதம் கொறைஞ்சுபோச்சான்னு மெயின்டனன்ஸ் ஆளுக்குத் தகவல் போகும். 'மெஷினை வேகமா ஓட்டு, சரியாகிடும்'னு எந்த மேஸ்திரியும் சொன்னதில்ல. அந்த அக்காக்கிட்ட இருக்கிற நிதானம் கம்ப்யூட்டர் படிச்ச நம்மகிட்ட இல்லாம போச்சே, ஏன்?

ஏன்னா நாம எர்ரர் லாகைத் தொறக்கிறதே இல்ல.

500ன்னு பிரவுசர் சொல்றது, "உள்ள ஏதோ ஆகிப்போச்சு, வெளியாள்கிட்ட சொல்ல முடியாது"ன்னு. என்ன ஆச்சுன்னு லாகில்தான் எழுதியிருக்கும். டெபியன், உபுண்டு வகையறாவில் அப்பாச்சி லாக் வார்-லாக்-அப்பாச்சி2 ஃபோல்டர்ல இருக்கு. ரெட்ஹேட், சென்ட் ஓஎஸ் வகையறாவில் எச்டிடிபிடின்னு இருக்கும் ஃபோல்டர். ஒரு ஜன்னல்ல டெயில் கமாண்டு போட்டு லாகை ஓடவிட்டு, இன்னொரு ஜன்னல்ல பக்கத்தை ரெஃப்ரெஷ் பண்ணுங்க. அவ்ளோதான் சாமி. முக்கால்வாசி கேஸு அங்கயே முடிஞ்சிரும். நாலு உதாரணம் சொல்றேன்.

1. ஃபைல் கண்ணு முன்னாடி இருக்கு, ஆனா லாகுல "அப்படி ஒரு ஃபைலே இல்லை"ன்னு வருது. பேய் இல்லைங்க. விண்டோஸ்ல அடிச்சு அப்படியே ஏத்தின ஸ்கிரிப்ட். வரி முடியுற இடத்துல விண்டோஸ் கூடுதலா ஒரு கண்ணுக்குத் தெரியாத எழுத்து வைக்கும். மொத வரியில பெர்ல் எங்க இருக்குன்னு சொல்றோமில்ல, அதோட வாலுல இது ஒட்டிக்கிச்சுன்னா, அந்த வாலோட சேர்ந்த பேர்ல லினக்ஸ் தேடும். கிடைக்குமா? டாஸ்-டு-யுனிக்ஸ்னு ஒரு குட்டி நிரல் இருக்கு, ஒரு நொடி வேலை.

2. இது ஸ்பெஷலா நமக்கு, தமிழ்ல எழுதுறவங்களுக்கு. தமிழ் எழுத்து கெடாம இருக்கணும்னு நோட்பேட்ல யுடிஎஃப்-8ன்னு சேமிப்போம். பழைய நோட்பேட் ஃபைலோட தலையில பாம் (பிஓஎம்) அப்படின்னு மூணு பைட்டை வெச்சிரும். பிஹெச்பி ஃபைல்னா "ஹெட்டர்ஸ் ஆல்ரெடி சென்ட்"னு அழும். பெர்ல் ஸ்கிரிப்ட்னா மொத வரியே செல்லாது. 2019ல வந்த விண்டோஸ் 10 அப்டேட்டுக்கு அப்புறம்தான் நோட்பேட் பாம் இல்லாத யுடிஎஃப்-8ஐ வழக்கமாக்குச்சு. அதுக்கு முன்னாடி சேமிச்ச ஃபைல்கள் இன்னிக்கும் சுத்திக்கிட்டு இருக்கு. இங்கிலீஷ்காரன் எழுதின டுடோரியல்ல இதுக்கு அவ்வளவா இடமிருக்காது, அவனுக்குத் தேவையும் கம்மி. நாமதான் எழுதியிருக்கணும். நாம என்ன எழுதினோம்? 777!

3. ஃபைல் 644, எல்லாம் சுத்தம். ஆனாலும் 403. ஃபைலைப் பாக்காதீங்க, மேல இருக்கிற ஃபோல்டர்களைப் பாருங்க. ஹோம் ஃபோல்டர் 700ன்னு இருந்தா அப்பாச்சி வாசலைத் தாண்டவே முடியாது. அந்த ஒரு ஃபோல்டரை 711 ஆக்கினா போதும். லாகுல "பாதையில ஒரு இடத்துல தேடும் அனுமதி இல்லை"ங்கிற அர்த்தத்துல தெளிவா எழுதியிருக்கும்.

4. பெர்மிஷன் எல்லாம் சரி, ஆனா ஸ்கிரிப்ட் வெளி சர்வரைத் தொடும்போது மட்டும் "அனுமதி மறுப்பு". ரெட்ஹேட் குடும்பம்னா எஸ்இ-லினக்ஸ் தடுக்குது. உடனே நம்ம வைத்தியர் வருவார்: "எஸ்இ-லினக்ஸை ஆஃப் பண்ணிருங்க!" பெரிய 777. வெப் சர்வர் நெட்வொர்க்கைத் தொடலாம்னு சொல்ல ஒரே ஒரு சுவிட்ச் தனியா இருக்கு. எதைத் தடுத்தேன்னு ஆடிட் லாகுல அதுவே எழுதியும் வைக்குது. வாட்ச்மேன் ஒருத்தரை உள்ள விடலேன்னா ஆளைச் சொல்லி விடச்சொல்லணும். வாட்ச்மேனையே வேலையைவிட்டுத் தூக்கினா எப்படி?

சரி, இதெல்லாம் ஸ்கிரிப்ட் கதை. அடுத்தது கண்காணிப்பு. இங்கதான் எனக்கு ரத்தக்கொதிப்பே ஏறுது.

நாகியோஸ் தெரியும்தானே? ஈதன் கால்ஸ்டாட் 1999ல நெட்செயின்ட்ங்கிற பேர்ல வெளியிட்டு, 2002ல நாகியோஸ் ஆனது. அதோட பக்கங்கள் பெரும்பாலும் சிஜிஐ நிரல்கள். அப்பாச்சியில சிஜிஐ மாட்யூலை இயக்கலேன்னா பக்கம் வராது, சில நேரம் ஃபைலே டவுன்லோடு ஆகும். அதை ஒருவழியா தாண்டினா, "இந்த ஹோஸ்ட் விவரங்களைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை"ன்னு ஒரு வாக்கியம் வரும். சரியான வழி, சிஜிஐ கான்ஃபிக் ஃபைல்ல யார் யாருக்கு அனுமதின்னு பேரைச் சேர்க்கிறது. நம்மாளுங்க சொல்ற வழி? "யூஸ் ஆதென்டிகேஷனை 0 ஆக்குங்க." சோலி முடிஞ்சது. உங்க சர்வர்ல என்னென்ன ஓடுது, எது படுத்துக்கிடக்குன்னு ஊருக்கே தண்டோரா.

பிளகின் 127ன்னு திரும்புதா, நிரலே அந்த இடத்துல இல்ல. 126ஆ, நிரல் இருக்கு, ஓட்ட அனுமதி இல்ல. ரூட்டா ஓட்டினா வேலை செய்யுது, நாகியோஸ்ல செய்யலையா? நாகியோஸ் யூசரா மாறி ஓட்டிப் பாருங்க, குட்டு வெளிப்படும். எண்ணே பதில் சொல்லுது, கேக்கத்தான் ஆளில்லை.

இதைவிட மோசம், பச்சை விளக்கு எரிஞ்சாலே போதும்னு நினைக்கிற புத்தி. "மன்னிக்கவும், டேட்டாபேஸ் இணைக்க முடியவில்லை"ன்னு அழகா ஒரு பக்கம் காட்டி, கூடவே 200 ஓகேன்னு சொல்ற சைட்டுகள் எத்தனை! கண்காணிப்பு நிரலுக்கு அது பச்சை. பக்கத்துல வரவேண்டிய ஒரு சொல் வருதான்னு பார்க்க செக் எச்டிடிபி பிளகின்லயே வசதி இருக்கு. சான்றிதழ் காலாவதி ஆகப்போகுதான்னு பார்க்கவும் இருக்கு. யார் போடுறா?

பெரிய தலைகளும் விதிவிலக்கில்ல. 2017 ஜனவரி 31 அன்னிக்கு கிட்லேப்ல ஒரு இன்ஜினியர் தப்பான சர்வர்ல டேட்டாபேஸ் ஃபோல்டரை அழிச்சார். பேக்கப் எங்கேன்னு தேடினா, ஒண்ணுமில்ல. பேக்கப் நிரலோட வெர்ஷனும் டேட்டாபேஸ் வெர்ஷனும் ஒத்துப்போகாம அது தோத்துக்கிட்டே இருந்திருக்கு. தோத்துச்சுன்னு மின்னஞ்சலும் போயிருக்கு. ஆனா அந்த மடல்கள்ல டிமார்க் சரியில்லேன்னு வாங்குற பக்கம் தள்ளிவிட்டிருக்கு. மணி அடிச்சுக்கிட்டே இருந்திருக்கு, காதுலதான் விழல. ஏறக்குறைய 6 மணி நேரத் தரவு போச்சு. ஒண்ணு பாராட்டணும், எல்லாத்தையும் மறைக்காம பொதுவுல எழுதினாங்க.

அதே வருசம் பிப்ரவரி 28, அமேசான் எஸ்3 படுத்துச்சு. அது படுத்ததைச் சொல்லவேண்டிய நிலவரப் பக்கமே எஸ்3ஐ நம்பி இருந்ததால மாத்த முடியல. ட்விட்டர்ல போய் சொன்னாங்க. கிணத்துல விழுந்தவன் கையிலயே கயிறைக் குடுத்து வெச்ச கதை. ஈக்விஃபேக்ஸ்ல அதே 2017ல கோடிக்கணக்கான பேரோட விவரம் திருட்டுப்போச்சே, அங்க போக்குவரத்தைக் கண்காணிக்கிற கருவியோட சான்றிதழ் காலாவதியாகி 19 மாசமா அது குருடாக் கிடந்துச்சுன்னு அமெரிக்க நாடாளுமன்றக் குழு அறிக்கை சொல்லுது.

"நம்ம சின்ன சைட்டுக்கு இதெல்லாம் எதுக்கு பாஸ்?"ன்னு கேப்பீங்க. தெரியும். சின்ன சைட்டுல பழகினவன்தான் நாளைக்குப் பெரிய சைட்டுக்கு வேலைக்குப் போறான். 777 பழக்கத்தோடயே போறான்.

போனா என்ன ஆகும்? 2021 ஜூன் 7ல புது வருமானவரி போர்ட்டல் வந்துச்சு. மறுநாளே நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் ட்விட்டர்ல இன்ஃபோசிஸையும் நந்தன் நிலேகனியையும் கூப்பிட்டுக் குறை சொல்லவேண்டி வந்துச்சு. ஆகஸ்ட் 21, 22ல போர்ட்டலே தொறக்கல. மொதல்ல திட்டமிட்ட பராமரிப்புன்னாங்க, அப்புறம் அவசரப் பராமரிப்புன்னாங்க. ஆகஸ்ட் 23 அன்னிக்கு அதோட தலைமை அதிகாரி சலீல் பரேக்கை அமைச்சகத்துக்கே கூப்பிட்டு விளக்கம் கேட்டாங்க. அமைச்சர் கேட்டா பதில் வருது. கவுண்டர்ல நிக்கிற ஆளு கேட்டா?

மில்லுல நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு, தூங்காம, பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க வந்து நிக்கிற அம்மாவுக்கு எல்லா ஊர்லயும் கிடைக்கிற பதில் ரெண்டே சொல்லு: "சர்வர் டவுன்." எப்ப வரும்? தெரியாது. என்ன ஆச்சு? தெரியாது. நாளைக்கு வரவா? வந்து பாருங்க. கவுண்டர்ல உக்காந்திருக்கிற தம்பி மேல தப்பில்ல, அவருக்கும் யாரும் சொல்லல. அங்க மேல எங்கயோ ஒரு திரையில பச்சை விளக்கு எரிஞ்சுக்கிட்டு இருக்கலாம், பிங் போகுதுல்ல! அந்த அம்மாவுக்குப் போனது ஒரு நாள் தூக்கம், ரெண்டாவது நாள் சம்பளம். சர்வர் லாகுல இது பதிவாகாது.

என் கட்சி இதுதான். சேவை நடக்குதான்னு வரிசையில நிக்கிறவர் பக்கத்துல இருந்து பார்க்கணும். சான்றிதழ் கையில வந்துச்சா? அதுதான் பச்சை. மத்ததெல்லாம் பெயின்ட். மக்கள் பணத்துல ஓடுற ஒவ்வொரு தளத்துக்கும், அந்தத் தளத்தோட சர்வர்ல இல்லாத, தனி இடத்துல ஓடுற ஒரு நிலவரப் பக்கம் வேணும். படுத்திருக்கு, இத்தனை மணிக்குப் படுத்துச்சு, இன்ன வேலை நடக்குதுன்னு தமிழ்ல ரெண்டு வரி. ராக்கெட் விடச் சொல்லல.

"கிளவுடுக்கு மாத்தியாச்சு, இனிமே பிரச்சினை இல்ல"ங்கிறவங்களுக்கு: எஸ்3 கதையை மறுபடி படிங்க.

நம்ம கையில இருக்கிறதை மொதல்ல செய்வோம். பழைய பதிவுகள்ல 777 இருந்தா இன்னிக்கே திருத்துங்க. ஸ்கிரிப்டுக்கு 755, சாதா ஃபைலுக்கு 644ன்னு மாத்துங்க. யாராச்சும் பின்னூட்டத்துல "எர்ரர் வருது அண்ணே"ன்னு கேட்டா, தீர்வு சொல்றதுக்கு முன்னாடி "லாகுல என்னப்பா இருக்கு?"ன்னு கேளுங்க. அந்த ஒரு கேள்வி பத்து டுடோரியலுக்குச் சமம். கண்காணிப்பு நிரலை வேற மெஷின்ல போடுங்க. மாசம் ஒருநாள் வேணும்னே எதையாச்சும் நிறுத்தி, எச்சரிக்கை மடல் வருதான்னு பாருங்க. வரலேன்னா உங்ககிட்ட கண்காணிப்பு இல்ல, அலங்கார விளக்குதான் இருக்கு.

டிஸ்கி 1: இது யாரையும் தனிப்பட்டுத் தாக்கி எழுதினதில்ல. தொப்பி பொருந்தினா போட்டுக்கலாம்.

டிஸ்கி 2: "777 போட்டேன், எனக்கு வேலை செஞ்சுதே"ன்னு பின்னூட்டம் போடுறவங்க, கூடவே உங்க எர்ரர் லாகோட கடைசி 10 வரியையும் ஒட்டவும். கும்மியை அதுக்கப்புறம் வெச்சுக்கலாம் ;)