முத்திரையும் சாட்சியமும்

பிரெஞ்சு ஆட்சிக் காலந்தொட்டு, நொத்தேர் முன் எழுதிய பத்திரத்துக்குப் புதுச்சேரியில் தனி மதிப்பு உண்டு. முத்திரை விழுந்தால் பத்திரத்தில் உள்ளது முழுவதும் மெய்யென நிலைபெற்றது என்று கருதுவோரும் நம்மிடையே உளர். காப்புரிமை விஷயத்தில் இக்கருத்து நமக்கு நஷ்டமே விளைவிக்கும்.

காப்புரிமை கோருவோரும் எதிர்ப்போரும் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய நேரிடுவதுண்டு. அயல்நாட்டில் வாழ்பவர் அந்நாட்டு நோட்டரி, நீதிபதி அல்லது நமது தூதரக அதிகாரி முன் பிரமாணம் செய்யலாம். நமது 2003ஆம் ஆண்டுக் காப்புரிமை விதிகள் அதனை ஏற்கின்றன. இங்குச் செய்த பிரமாணம் அயல்நாடு செல்லும்போது, நோட்டரியின் கையொப்பத்துக்கே அத்தாட்சி கேட்கப்படலாம். 1961ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையின்படி வழங்கப்படும் ‘அப்போஸ்டில்’ அத்தகைய அத்தாட்சியாகும். இந்தியாவில் 2005 முதல் வெளியுறவு அமைச்சகம் இதனை வழங்கி வருகிறது.

இவ்வத்தாட்சி உரைப்பது யாது? கையொப்பமும் முத்திரையும் உரிய அதிகாரியுடையவை என்பதே. பத்திரத்தில் கண்ட செய்தி உண்மையா என்பது பற்றி அது ஒன்றும் கூறாது.

வேப்பெண்ணெய் வழக்கு இதற்குச் சான்று. அவ்வெண்ணெயால் பயிரின் பூஞ்சாண நோயைத் தடுக்கும் முறைக்கு அமெரிக்க விவசாயத் துறையும் கிரேஸ் கம்பெனியும் ஐரோப்பியக் காப்புரிமை பெற்றிருந்தன. 2000 மே மாதம் மியூனிக் நகரில் இந்திய உற்பத்தியாளர் ஒருவர் சாட்சியம் அளித்தார். 1985, 1986ஆம் ஆண்டுகளில் மகாராஷ்டிர விவசாயிகள் முன்னிலையில் நடந்த வயல் சோதனைகளை அவர் எடுத்துரைத்தார். காப்புரிமை ரத்தாயிற்று, 2005இல் மேல்முறையீடும் தள்ளப்பட்டது. ஆண்டும் இடமும் கண்டவர்களும் உறுதியாக இருந்தமையே அச்சாட்சியத்தின் வலிமை.

அமெரிக்கச் சட்டமோ 2013 மார்ச் வரை, அயல்நாட்டில் ஒரு முறை வழக்கத்தில் இருந்தது என்பதை மட்டும் கொண்டு காப்புரிமையை மறுக்கவில்லை. அச்சிட்ட ஆதாரமோ முந்தைய காப்புரிமையோ வேண்டும் என்றது. எத்தனை முத்திரையிட்ட பிரமாணமும் அக்குறையை நிரப்பியிராது.

நம் சங்கங்களில் வரவு செலவுக்கும் இருப்புக்கும் புத்தகங்கள் உண்டு. பாவுக்குக் கஞ்சியிடும் பக்குவத்துக்கும், சாயம் ஏற்றும் முறைக்கும், விதைநேர்த்திக்கும் புத்தகம் வேண்டாமா? நிர்வாகக் குழு அவற்றைத் தேதியிட்டு, அறிந்த அங்கத்தினர் கையொப்பத்துடன் பதிந்து, இத்தகைய பத்திரிகையில் அச்சிடுவித்தல் நலம். ஆயினும், புதிதாகக் கண்டறிந்ததற்குத் தாமே காப்புரிமை கோருவோர், விண்ணப்பிக்கும் முன் அதனை வெளியிடலாகாது.

முத்திரையைப் பிறகும் பெறலாம். எழுதி வைக்காத முறையோ முதியவர்களுடன் மறைந்துவிடும்.