சீனியரின் ரெஸ்யூமில் உங்கள் பெயரா?

விருத்தாசலத்துக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் நடுவில் இருக்கும் மங்கலம்பேட்டை போன்ற ஊர்களில், வேலை தேடிக் கிளம்பும் பிள்ளைகள் பலர் தங்கள் வீட்டின் முதல் பட்டதாரிகள். விருத்தாசலம் திரு கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரியிலோ, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலோ படித்து முடித்திருப்பார்கள். ரெஸ்யூம் எப்படி எழுதுவது என்று கேட்க வீட்டில் ஆள் இருக்காது. சீனியர் ஒருவரின் ஃபைலை வாட்ஸ்அப்பில் வாங்கி, கம்ப்யூட்டர் சென்டரில் பெயரை மாற்றி, பத்து காப்பி பிரின்ட் போட்டுக்கொண்டு வேலைவாய்ப்பு முகாமுக்கு பஸ் ஏறிவிடுவார்கள்.

பெயர் மாறியிருக்கும், போன் நம்பர் சில நேரம் சீனியருடையதாகவே இருக்கும்! கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தாலும் மணி அடிப்பது வேறு வீட்டில்தான். கஷ்டப்பட்டு வாங்கிய பட்டம் இப்படிச் சின்னத் தவறுகளால் வீணாகலாமா?

பெயரில் தொடங்கும் சிக்கல்

நமக்கு இனிஷியல்தான் வழக்கம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் ஓர் எழுத்தாக இருக்கும். பான் கார்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும். ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் போயிருக்கும். வேலை கிடைத்தபின் சான்றிதழ் சரிபார்ப்பில் இது இழுத்தடிக்கும். ரெஸ்யூமில் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள். மற்ற அட்டைகளில் எழுத்து மாறியிருந்தால் இப்போதே திருத்த விண்ணப்பித்துவிடுங்கள்.

பயோடேட்டா வேறு, ரெஸ்யூம் வேறு

அப்பா பெயர், சாதி, மதம், ராசி, உயரம் எல்லாம் கல்யாண பயோடேட்டாவுக்கு. தனியார் வேலைக்கான ரெஸ்யூமில் அவற்றுக்கு இடமில்லை. ஆதார் எண், பான் எண்ணையும் போடாதீர்கள். அந்தத் தாள் யார் யார் கைக்குப் போகும் என்று உங்களுக்குத் தெரியாது. வேலை உறுதியானபின் கேட்டால் கொடுத்தால் போதும்.

கடன் வாங்கிய வரிகள்

'சவாலான சூழலில் என் திறமையை வெளிப்படுத்தி நிறுவனத்தின் வளர்ச்சிக்கு உழைப்பேன்' என்ற வரி ஆயிரம் ரெஸ்யூம்களில் இருக்கிறது. படிப்பவர் கண் அதில் நிற்காது. ஆனால், சொந்தமாகச் செய்த வேலையை மட்டும் பிள்ளைகள் எழுதுவதே இல்லை, 'இதையெல்லாமா எழுதுவார்கள்?' என்ற கூச்சம்!

அப்பாவின் மளிகைக் கடையில் மாலை நேரத்தில் உட்கார்ந்த பெண், 'டேலி தெரியும்' என்று மட்டும் எழுதுகிறாள். 'கடையின் கொள்முதல், கடன் பாக்கிக் கணக்கை இரண்டு ஆண்டுகள் எழுதினேன்' என்று எழுதினால், கணக்கர் வேலைக்கு ஆள் தேடுபவர் நிமிர்ந்து பார்ப்பார். என்.எஸ்.எஸ். முகாமில் ஐம்பது பேருக்குச் சாப்பாட்டு ஏற்பாட்டைக் கவனித்ததும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்ததும் அனுபவம்தான். நடுவில் சில ஆண்டுகள் வீட்டில் இருந்த பெண்கள், 'குழந்தை வளர்ப்புக்காக இடைவெளி' என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். மறைக்க வேண்டியதில்லை.

ஓவியர் லியனார்டோ டா வின்சி, 1482-ஆம் ஆண்டு வாக்கில் மிலான் நகர ஆட்சியாளரிடம் வேலை கேட்டு ஒரு கடிதம் தயார் செய்தார். அதில் பாலம் கட்டுவது, போர்க் கருவிகள் செய்வது என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசியில்தான் ஓவியம் வரையத் தெரியும் என்கிறார். ஆட்சியாளருக்கு அப்போது தேவைப்பட்டவை போர்க் கருவிகள். எதிரில் இருப்பவருக்கு எது தேவையோ அது மேலே வர வேண்டும். எல்லா கம்பெனிக்கும் ஒரே காப்பி ஒத்துவராது.

பொய் நிற்காது

ஆறு மாத வேலையை இரண்டு ஆண்டு என்று எழுதச் சிலர் யோசனை சொல்வார்கள். பி.எஃப். பிடித்த வேலையாக இருந்தால், சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் அந்தக் கணக்கில் பதிவாகியிருக்கும். பொய் தெரிந்தால், சேர்ந்த பிறகும் வேலை போகலாம்.

அனுப்பும் முன்...

* புதிதாக வேலை தேடுபவருக்கு ஒரு பக்கம் போதும்.
* பெரிய நிறுவனங்கள் பலவற்றில் ரெஸ்யூமை முதலில் படிப்பது மென்பொருள்தான். கட்டங்கள், அலங்காரப் படங்கள் அதைக் குழப்பும். எளிமையான எழுத்தில், பி.டி.எஃப். ஆக அனுப்புங்கள்.
* ஃபைலுக்கு 'நியூ ஃபைனல் 2' என்று இல்லாமல் உங்கள் பெயரையே வையுங்கள்.
* விளையாட்டாக வைத்த ஈமெயில் முகவரி வேண்டாம். பெயரில் புதிதாக ஒன்று தொடங்குங்கள்.
* எழுதிய ஒவ்வொரு வரிக்கும் நேர்காணலில் கேள்வி வரும். பதில் சொல்ல முடியாத வரியை எடுத்துவிடுங்கள்.

கடைசியாக, பிரின்ட் எடுத்த தாளை அம்மாவிடமோ தம்பியிடமோ கொடுத்து, அதில் இருக்கும் நம்பருக்கு போன் போடச் சொல்லுங்கள். உங்கள் கையில் இருக்கும் போன் அடித்தால், தைரியமாக பஸ் ஏறலாம்!